கொடும்பாளூர் வேளிர்: கதையும் கல்வெட்டும்

(ஜெகதாப்பட்டினத்தில் கூடிய நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பழங் குடும்பமொன்றின் வரலாற்றைக் குறித்து இவ்வாண்டுக் கூட்டத்திற் சில சொல்லுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். நம் குல வரலாற்றை நூலாக வெளியிடவேண்டுமென்று சங்கத்திற் பேச்சு நடந்துவருவதை நீங்கள் அறிவீர்கள். அந்நூலின் முதற் பக்கத்தில் யாரை நம் முன்னோரென்று எழுதுவது என்னும் வினாவும் உடன் எழுந்துள்ளது. கொடும்பாளூரை ஆண்ட இருக்குவேளிரையே எழுதிவிடலாமென்று அன்பர் சிலர் கருதுகின்றனர். ஆதலின், அவ்விருக்குவேளிர் யாவர், அவரைப்பற்றி வழங்குங் கதைகள் எவை, கல் கூறுவது யாது என்பவற்றை முறையே ஆராய்ந்து, இறுதியில் அவ்வினாவுக்கு எமக்குத் தோன்றும் விடையையுங் கூறுவோம்.

ஊரின் அமைப்பு

கொடும்பாளூர், திருச்சிராப்பள்ளியினின்று மதுரைக்குச் செல்லும் பெருவழியில், விராலிமலைக்கு அருகே உள்ளது. கடற்கரையில் வாழும் நமக்கு அவ்வூர் சிறிது தொலைவாகவே தோன்றும். அதற்குக் காரணமும் உண்டு. கொடும்பாளூர் புதுக்கோட்டை மன்னரின் சமஸ்தானத்தில் இருந்தது. அச் சமஸ்தானம் 1948-இல் இந்திய யூனியனுடன் இணைந்தது. நம் அறந்தாங்கிப் பகுதியோ தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1974-இல் புதுக்கோட்டை மாவட்டம் அமைந்த பின்னரே இவ்விரு பகுதிகளும் ஒரே மாவட்டமாயின. எனினும், இவற்றை நெடுங்காலமாக இணைத்து நிற்பது வெள்ளாறு. அது பாயும் கோனாட்டின் தலைநகரே கொடும்பாளூர். அவ்வாறு கடலொடு கலப்பது நம் மணமேற்குடிப் பக்கத்தில். மணமேற்குடி, பாண்டியன் நெடுமாறனுக்கு அமைச்சராயிருந்த குலச்சிறை நாயனார் பிறந்த ஊரென்பதை இங்குள்ள சிறுவரும் அறிவர். கொடும்பாளூரும் ஒரு நாயனாரை ஈந்த ஊர். அவரைப்பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் உறையூரினின்று மதுரைக்குச் செல்லும்போது, மாங்காட்டு மறையோன் அவர்களுக்கு வழி கூறுகின்றான். கொடும்பையென்னும் ஊரின் பெருங்குளக் கரையை அடைந்தால், ஆங்கே பாதை மூன்றாகப் பிரியுமென்பது அவன் சொல். அக் கொடும்பையே கொடும்பாளூர் என்பர் அறிஞர். சோழ நாட்டினின்று பாண்டிய நாடு செல்லும் படையும் வணிகரும் இவ்வூரைக் கடந்தே செல்லவேண்டும். கொடும்பாளூர் மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினர் கல்வெட்டுக்களிற் குறிக்கப்படுதலும் இவ்வழியின் சிறப்பாலேயே என்க. பேரரசு இரண்டின் இடையே வாயில்போல் நின்ற இவ்வூரைக் காத்த குடும்பத்தை இரு திறத்தாரும் தம்பால் இழுக்க முயன்றனர். இருக்குவேளிரின் வரலாறு முழுவதற்கும் அடிப்படை இதுவே.

கதைகள்

வேளிரின் தோற்றத்தைப்பற்றி வழங்குங் கதைகளுள் மூன்று பெரியவை.

முதலாவது, புறநானூற்றிற் காணப்படுவது. பறம்புமலைத் தலைவனாகிய பாரி இறந்தபின், அவன் பெண்மக்களை அழைத்துக்கொண்டு கபிலர் இருங்கோவேள் என்னும் தலைவனிடம் சென்று, அவர்களை மணந்துகொள்ளுமாறு வேண்டினார். அப்போது அவன் குலத்தைப் புகழ்ந்து, வடதிசை முனிவனொருவனின் வேள்விக் குண்டத்தில் தோன்றிய மரபென்றும், செப்பு மதில் சூழ்ந்த துவரை நகரை ஆண்ட மரபென்றும், நாற்பத்தொன்பது தலைமுறை கண்ட மரபென்றும் கூறினார்; புலிகடிமால் எனவும் அவனை விளித்தார்.

இரண்டாவது, நச்சினார்க்கினியர் தொல்காப்பிய உரையிற் கூறுவது. அகத்தியர் துவாரகைக்குச் சென்று, கண்ணபிரான் வழிவந்த அரசர் பதினெண்மரையும் வேளிர் பதினெண்குடியினரையும் தெற்கே அழைத்துவந்து, காடு கெடுத்து நாடாக்கிக் குடியேற்றினார் என்பது அக்கதை. மு. இராகவையங்கார் அவர்கள் தம்முடைய ‘வேளிர் வரலாறு’ என்னும் நூலில் இச் செய்திகளை எடுத்து ஆராய்ந்துள்ளார்.

மூன்றாவது, புலியைக் கொன்ற கதை. முனிவர்மேற் பாய வந்த புலியை அவருடைய சொற்படி வேள் ஒருவன் கொன்றமையால் புலிகடிமால் என்னும் பெயர் வந்ததென்பர். இக்கதையை மட்டுங் கேட்போர் ஐயுறார். ஆனால், கன்னட நாட்டை ஆண்ட ஹொய்சள மன்னரும் தம் முன்னோனாகிய சளன் முனிவர் சொற்படி புலியைக் கொன்றானென்றே கூறிக்கொண்டனர். தம்மை யாதவரென்றும் துவாராவதியின் தலைவரென்றும் சாசனங்களிற் பொறித்தனர். ஒரே கதை இரு நாட்டில் இரு குடும்பத்தாரின் கதையாக வழங்குமாயின், அது நடந்த நிகழ்ச்சியென்பதினும், உயர்குடியென்று பிறர் மதித்தற்குரிய அடையாளமென்று கொள்ளுதலே பொருந்தும்.

இது தமிழ் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. பிரிட்டன் தீவின் மேற்கிலுள்ள வேல்ஸ் நாட்டிலும் நம் பாணரைப்போன்ற புலவர் இருந்து, நிலமுடைய குடும்பங்களின் மரபை மனப்பாடமாக ஓதிவந்தனர். நம்மவர் பதினெண்குடி வேளிரென்று கூறியதுபோலவே, அந்நாட்டு மரபு நூலோர் வட பகுதியின் உயர்குடிகளைப் பதினைந்தென்று வகுத்தனர். லவெலின் என்னும் அந்நாட்டு வேந்தனுக்கு மேலாளனாயிருந்து 1246-இல் இறந்த எட்னிவெட் வெக்கன் என்பான் போரில் ஆங்கிலத் தலைவர் மூவரின் தலையைக் கொய்தானென்றும், அதனாலேயே அவன் குடும்பத்தின் சின்னத்தில் மூன்று தலைகள் அமைந்தனவென்றும் கதை வழங்குகிறது. அவன் வழியில் வந்த ஏழாம் ஹென்றி 1485-இல் இங்கிலாந்தின் அரசனானான். உடனே புலவர் அவன் மரபை டிராய் நகரத்து வீரர் வழிவந்த புரூட்டஸ் வரையிற் கொண்டுசென்றனர். எட்னிவெட் அவன் முன்னோன் என்பது வரலாறு. டிராய் நகரம் கதை. இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதினமையால், பின்வந்தோர் அதனைப் பிரித்தறிய நேர்ந்தது. கொடும்பாளூரிலும் அதுவே நிகழ்ந்தது.

மூவர் கோயிற் கல்வெட்டு

கொடும்பாளூரில் மூவர் கோயில் என்பது ஒன்றுண்டு. மேற்கு நோக்கி வரிசையாக மூன்று கற்றளிகள் எடுக்கப்பெற்றன. அவற்றுள் நடுத்தளியும் தென்தளியும் இன்றும் நிற்கின்றன. மூன்றாவதன் அடித்தளமே எஞ்சியுள்ளது. நடுத்தளியின் சுவரில் வடமொழியிற் கிரந்த எழுத்தாற் பொறிக்கப்பட்ட கல்வெட்டே இக்குடும்பத்தின் மரபை நமக்குத் தருவது. அதன் தொடக்கம் சிதைந்தொழிந்தது. ஆண்டுக் குறிப்பும் அதில் இல்லை.

சிதைந்த பகுதிக்குப்பின் பாண்டியனின் யானைக் கூட்டத்தைக் கவர்ந்தவன் ஒருவன் கூறப்படுகின்றான். அவனுக்குப்பின் வீரதுங்கன், அதிவீரன், அனுபமன், நிருபகேசரி, பரதுர்க்கமர்த்தனன், சமராபிராமன், பூதி விக்கிரமகேசரி முதலியோர் வருகின்றனர். நிருபகேசரி பிள்ளைப் பருவத்திற் பாம்புகளோடு பழகியவனாம். பரதுர்க்கமர்த்தனன் வாதாபியை வென்றவனாம். சமராபிராமன் யதுகுலத்தின் கொடியெனப் புகழப்பெற்று, அதிராஜமங்கலப் போரிற் சளுக்கியைக் கொன்று, சோழன் மகளாகிய அனுபமையை மணந்தவன். பூதி விக்கிரமகேசரி, காவிரி நீர் குருதியாற் சிவக்கப் பல்லவனை வென்றான். வீரபாண்டியனையும் வஞ்சிவேளையும் வென்றான். அவன் மனைவியர் கற்றளி, வரகுணை என இருவர். கற்றளியின் மக்கள் பராந்தகன், ஆதித்தவர்மன் என்போர். தன் பெயராலும் மனைவியர் இருவர் பெயராலும் மூன்று தளிகளை எடுத்து இறைவனை எழுந்தருளுவித்தான் பூதி.

இனி, இதிலுள்ள சிக்கலை நோக்குக. வாதாபியை வென்றவனென்றவுடன் நம் நினைவுக்கு வருவது 642-இல் பல்லவன் நரசிம்மவர்மன் அந்நகரை அழித்த போர். பரதுர்க்கமர்த்தனன் அப்போரிற் கலந்துகொண்டவனாயின், அவன் பேரனாகிய பூதி 700-ஆம் ஆண்டளவில் வாழ்ந்திருத்தல் வேண்டும். ஆனால் பூதியின் மக்களுக்கோ பராந்தகன், ஆதித்தன் எனச் சோழர் குலப் பெயர்கள் அமைந்துள்ளன. சோழர் மீண்டும் தலையெடுத்து அப்பெயர்கள் பெருமை பெற்றது 9-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அதன் பின்னரும் ஆகும். ஹீராஸ் பாதிரியார் வாதாபிச் செய்தியையே பெரிதும் பற்றிக்கொண்டு இக்குடும்பத்தைப் பழங்காலத்துக்குக் கொண்டுசென்றார். நீலகண்ட சாஸ்திரியார், வீரபாண்டியனை வென்ற செய்தியைக் கொண்டு, பூதியைச் சுந்தர சோழன் காலத்தில், அஃதாவது 10-ஆம் நூற்றாண்டின் நடுவில் வைத்தார். பல்லவனொடு காவிரிக் கரையிற் பொருதமையை நோக்கி, முதலாம் ஆதித்தன் காலமே பொருந்துமென்பார் வேறு சிலர். ஒரே கல்லைப் படித்த பேரறிஞர், இருநூறாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில் மாறுபடுகின்றனர்.

அன்பர்களே! சுவரிற் பொறித்த கல்வெட்டுக்கே நிலை இதுவாயின், வாய்மொழியாக மட்டும் வருவதை எவ்வளவு எச்சரிக்கையுடன் எழுதவேண்டுமென்பதைச் சிந்தித்துப் பாருங்கள். கல்லிலுள்ளது பொய்யென்பது எம் கருத்தன்று. தன் பாட்டன், பூட்டன் பெருமையை ஒருவன் புலவரைக்கொண்டு எழுதுவிக்கும்போது, நிகழ்ந்ததும் புகழ்ந்ததும் ஒரே நடையிற் கலந்துவரும். தன் தந்தையார் மணந்தது யாரை, தன் மக்களின் பெயர் என்ன, தான் கொடுத்த ஊர் எத்தனை என்பவற்றிற் பூதி பிழைபடக் காரணமில்லை. பல தலைமுறைக்கு முற்பட்டவன் பாம்புகளோடு பழகினான் என்பதோ கேள்வியால் வந்தது. அண்மையதை நம்பிச் சேய்மையதை ஆராய்தலே முறையாகும்.

பட்டப் பெயர் கூறும் வரலாறு

வடமொழிக் கல்வெட்டு விட்ட இடங்களைத் தமிழ்க் கல்வெட்டுக்கள் நிரப்புகின்றன. அவற்றில் இக்குடும்பத்தார் தென்னவன் இளங்கோவேளார் என்றும், செம்பியன் இருக்குவேள் என்றும், வீரசோழ இளங்கோவேளார் என்றும் வருகின்றனர். தென்னவன் பாண்டியனுக்குரிய பெயர்; செம்பியன் சோழனுக்குரியது. யாருடைய ஆதரவில் நின்றனர் என்பதை இப்பட்டங்களே புலப்படுத்தும்.

சோழரொடு கொண்ட உறவு மணத்தால் வலுப்பெற்றது. தென்னவன் இளங்கோவேளாரின் மகளாகிய பூதி ஆதித்த பிடாரி என்னும் நங்கை, முதற் பராந்தகன் மகன் அரிகுலகேசரியின் தேவியாகி, காவிரித் தென்கரையிலுள்ள திருச்செந்துறையிற் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தார். அந்தநல்லூர்க் கோயில், செம்பியன் இருக்குவேளாகிய பூதி பராந்தகன் செய்த பணி. கொடும்பாளூரிலேயே முசுகுந்தேசுவரர் கோயில் மகிமாலய இருக்குவேள் எடுத்தது.

நம் கடற்கரையோர்க்கு மிகவும் அண்மையான செய்தியொன்றும் உண்டு. இக்குடும்பத்துப் பராந்தகன் சிறியவேளார் என்பார், சுந்தர சோழனின் 9-ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 965-ஆம் ஆண்டளவில், ஈழத்துப் போரில் இறந்தாரென்று திருவெண்காட்டுக் கல்வெட்டொன்று கூறுகின்றது. இலங்கையின் பாளிமொழி வரலாற்று நூலும், நான்காம் மகிந்தன் காலத்தில் தமிழகத்திலிருந்து படை வந்து தோற்றதென்றே கூறும். தோற்றவர் பக்கத்துக் கல்லும் வென்றவர் பக்கத்து ஏடும் ஒத்துவருதலால் இச்செய்தி உறுதியாகின்றது. வெற்றியை மட்டும் எழுதும் குல வரலாறுகளிடையே, தோற்ற போரில் இறந்தவனை மறவாமற் பொறித்த கல் நம் மதிப்புக்குரியது. இன்றும் மீன்பிடிக்கச் சென்றோர் திரும்பும்வரை அக்கடலையே நோக்கியிருக்கும் நம் தாய்மார்க்கு அதன் பொருளை யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

முதலாம் இராஜராஜன் காலமுதல் சோழப் பேரரசு நாடுகளை வளநாடுகளாக வகுத்துத் தன் அதிகாரிகளைக்கொண்டு ஆண்டது. குறுநிலத் தலைமைக்கு அங்கே இடம் குறைந்தது. இருக்குவேளிரின் பெயரும் மெல்ல மறைந்தது. பல நூற்றாண்டுக்குப்பின், 1950 முதல் 1954 வரை கல்கி அவர்கள் எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ கொடும்பாளூர்ப் பெரிய வேளாரையும் வானதியையும் வீடுதோறும் அறிமுகப்படுத்தியது. அதனாற் பழமையில் ஆர்வம் பெருகியது நன்றே. ஆயினும் நாவல் நாவலேயாகும். அதைச் சான்றாகக் காட்டிக் குலவரலாறு எழுதுதல் தகாது.

மூடிய கதவும் திறந்த களஞ்சியமும்

இக்குடும்பத்தைப்பற்றிய கதைகளுள் போருக்கும் பிறப்புக்கும் தொடர்பில்லாதவை இரண்டு உள. நாம் பெரிதும் உளங்கொள்ளவேண்டியவை அவையே.

கபிலர் பாரி மகளிரை அழைத்துச் சென்றாரென்றோமே, இருங்கோவேள் அவர்களை ஏற்கவில்லை. துவரையையும் நாற்பத்தொன்பது தலைமுறையையும் கேட்டு மகிழ்ந்தவன், தந்தையை இழந்த மகளிர்க்குத் தன் வாயிலைத் திறக்கவில்லை. கபிலர் அடுத்த பாட்டில், அவன் முன்னோருள் ஒருவன் கழாத்தலையார் என்னும் புலவரை இகழ்ந்தமையால் அரையம் என்னும் ஊர் அழிந்ததை நினைவூட்டிவிட்டு நீங்கினார். அவ்விருங்கோவேள் கொடும்பாளூர்க் கிளையினன்தானோ என்பது பெயரொப்புமை கொண்டு கருதப்படுவதே. எனினும், இத்தனை உயர்ந்த மரபைப் பாடிய அதே புலவர் வாயால் அம்மரபுக்கு வந்த பழியும் நின்றுவிட்டது.

மற்றொன்று இடங்கழி நாயனார் வரலாறு. கொடும்பாளூரிலிருந்து கோனாட்டை ஆண்ட வேளிர் குலத்தவர் அவர். சிவனடியார்க்கு நாள்தோறும் அமுதளிக்கும் ஒருவர், ஒருநாட் கையிற் பொருளின்மையால் நள்ளிரவில் அரசரின் நெற்களஞ்சியத்திற் புகுந்து நெல்லை எடுத்தார். காவலர் பிடித்து அரசர்முன் நிறுத்தினர். காரணங் கேட்ட இடங்கழியார், தண்டிப்பதற்கு மாறாக, இவரன்றோ எனக்குப் பண்டாரம் என்று இரங்கி, அடியார்கள் நெற்களஞ்சியமேயன்றிப் பிற செல்வங்களையும் தமக்கு வேண்டியவாறு எடுத்துக்கொள்க என்று பறையறைவித்தார். சுந்தரர் தம் திருத்தொண்டத் தொகையில் அவரைப் போற்றுகின்றார்; 12-ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் வரலாற்றை விரித்துரைக்கின்றார்.

இதுவுங் கதைதானே, இதற்குக் கல்வெட்டு உண்டோவென்று நீங்கள் வினவலாம். களஞ்சியத்தில் நெல் எடுத்த அவ்விரவுக்குக் கல்வெட்டு இல்லை. ஆனால் அக்குடும்பம் சோறிட்டதற்குக் கல்வெட்டு உண்டு. மூவர் கோயிற் கல்வெட்டு முடிவது போரிலன்று. மதுரையைச் சேர்ந்த மல்லிகார்ச்சுனர் என்னும் காளாமுகத் துறவிக்குப் பூதி பெரிய மடமொன்றை அளித்ததையும், ஐம்பது துறவிகளுக்கு அமுதளிக்கப் பதினொரு ஊர்களை விட்டதையும் அது கூறுகின்றது. வேள்விக் குண்டத்தையோ வாதாபியையோ இன்று நாம் உறுதிப்படுத்த இயலாது. ஐம்பது பேருக்குச் சோறும், அதற்குப் பதினொரு ஊரும் என்பதை ஐயுறுவார் எவருமிலர்.

நம் நூலைப்பற்றி

இப்போது தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். இருக்குவேளிரை நம் முன்னோரென்று எழுதலாமா? எழுதலாகாது என்பதே எம் விடை. கொடும்பாளூரில் அக்குடும்பம் மறைந்த காலத்துக்கும், நம் வீடுகளிற் கிடைக்கும் மிகப் பழைய பத்திரத்துக்கும் இடையே பல நூற்றாண்டுகள் வெறுமையாயுள்ளன. அவ்வெறுமையைக் கற்பனைப் பெயர்களால் நிரப்புதல் எளிது. ஆயின் நம் பேரக்குழந்தைகள் கல்வெட்டுப் படிக்கக் கற்று அதனைக் கேள்வி கேட்கும் நாளில், அந்நூலிலுள்ள மெய்யும் பொய்யோடு சேர்த்துத் தள்ளப்படும். மேலும், அவ்வேளிரைத் தம் முன்னோரென்பார் நம் மாவட்டத்திலேயே ஒன்றுக்கு மேற்பட்ட சமூகத்தார் உளர். சான்றின்றி நாமும் அவ்வழக்கிற் புகுந்தால், அண்டை வீட்டாரோடு பகைதான் விளையும்.

அதற்கு மாறாக, மெய்யாக நம் கையிலுள்ளதைத் திரட்டுவோம். ஓலை முறிகள், நிலப்பத்திரங்கள், திருமண அழைப்பிதழ்கள், கணக்குப் புத்தகங்கள், பழைய புகைப்படங்கள், நடுகற்கள், குளத்து மடையிலும் கோயிற் படியிலும் உள்ள எழுத்துக்கள் ஆகியவற்றை ஒவ்வொரு குடும்பத்தாரும் பார்த்துப் படியெடுத்துச் சங்கத்துக்குத் தருக. கடலிற் சென்று திரும்பாதவர் பெயரையும் ஆண்டையும் எழுதுக. பெண்மக்களின் பெயரை விட்டுவிடாதீர்கள்; கற்றளியும் வரகுணையும் ஆதித்த பிடாரியும் ஆயிரம் ஆண்டுக்கு முன்னரே கல்லிற் பெயர் பெற்றிருக்க, நம் நூலில் நம் பாட்டியர் பெயரின்றி நிற்பது முறையன்று. முதியோர் கூறும் கதைகளையும் எழுதுக. ஆனால் கதை என்று தலைப்பிட்டே எழுதுக. கதைக்கும் மதிப்புண்டு; அது தன் இடத்தில் இருக்கவேண்டும் என்பதே எம் வேண்டுகோள்.

அன்றியும், சங்கத்தார் ஒருநாள் ஏற்பாடு செய்து நம் பிள்ளைகளைக் கொடும்பாளூருக்கு அழைத்துச் செல்வாராக. எஞ்சிய இரு தளிகளையும் வீழ்ந்த ஒன்றன் அடித்தளத்தையும் அவர்கள் கண்ணாற் காணட்டும். இவர்கள் நம் பாட்டனாரா என்று குழந்தை கேட்டால், அறியோம் என்று சொல்லுங்கள். இக்குடும்பத்தார் ஐம்பது பேர்க்குச் சோறிட ஊர்களை விட்டனர் என்பதையும் சொல்லுங்கள். அச்செயலைப் பின்பற்ற நமக்குக் கொடிவழிப் பட்டியல் வேண்டுவதில்லை. நம் சங்கத்தின் கல்வி நிதிக்கும், துணையற்ற முதியோர்க்கான உதவிக்கும் இவ்வாண்டு நாம் எவ்வளவு சேர்த்தோமென்னும் கணக்கு இக்கூட்டத்தின் முடிவிற் படிக்கப்படும். அக்கணக்கையும் நம் குல வரலாற்று நூலில் ஓர் ஏடாகச் சேர்க்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றோம்.